பல் கட்டுகிறவள்

கோத்தகிரி பேருந்து நிலையத்துக்கு எதிர்மாடியில்
பகலெல்லாம் மனிதர்களுக்குப் பல் கட்டுகிறேன்.
ஆறு மணிக்கு மேல் அதே மேசையில், அதே விளக்கில்
பறவைக்கு.

பறவை என்றால் நூற்றுப்பத்து கிராம்.
கார்பன் குச்சி, பூங்கொத்து சுற்றும் தாள்,
சுண்டுவிரல் மோட்டார்,
அதன் பின்னே நைலான் பற்சக்கரம் இரண்டு.
பெரியதற்கு அறுபது பல்.
ஒன்று போனாலும் இறக்கைக்கு விக்கல் வரும்.
தீபாவளி போனஸில் வாங்கினேன்.
சேலை எங்கேடி என்றாள் அக்கா.
பறந்துவிட்டது என்றேன்.

கையேட்டை எழுதியவர் கடலோரத்துக்காரர் போலும்.
அவர் சொன்ன விசையில்
அது மைதானத்துப் புல்லைத்தான் உழுதது.
இங்கே காற்று மெலிசு.
இறக்கையை இரண்டு விரற்கடை நீட்டினேன்,
வாலை ஒரு நூல் தூக்கினேன்,
எம்பியது.
பேட்டரிக்குக் குளிர் ஆகாது.
ஸ்வெட்டருக்குள் நெஞ்சோடு பொத்தி நடந்தால்
பால் வண்டி போஜன்
என்னம்மா, பூனைக்குட்டியா என்பார்.

இறக்க வேண்டுமென்றால் நிறுத்தக்கூடாது.
நிறுத்தினால் கல்.
அடிப்பை மெதுவாக்க வேண்டும், அவ்வளவுதான்.
ஆனால் பயந்த விரல் நிறுத்தத்தான் ஓடுகிறது.
ஐந்து முறை விரலைத் திட்டினேன்.
ஆறு முறை மூக்கை ஒட்டினேன்.

ஒன்று மட்டும் எனக்குச் சுலபமாக வந்தது.
நம்மை நோக்கித் திரும்பி வருகையில்
அதன் இடம் நமக்கு வலம்.
எல்லோரும் அங்கேதான் மரத்தில் விடுவார்களாம்.
பதினொரு வருடம்
எதிரே திறந்த வாய்களைப் பார்த்தவள் நான்.
உங்கள் இடது கடைவாய்
என் வலது கைப்பக்கம்.

செவ்வாய், கிளினிக் விடுமுறை.
நாலாவது சுற்றில் மஞ்சு இறங்கி
பறவையை வாங்கிக்கொண்டது.
சரிவில் எங்கோ சரக்கென்ற சத்தம்,
பிறகு அதுவும் இல்லை.
தேயிலைக்குள் விழுந்தது எதுவும்
தேயிலையாகிவிடுகிறது.
கையில் ரிமோட்டின் பச்சை விளக்கு மட்டும்
ஒன்றும் நடக்காததுபோல.

தேட ஒரே வழி,
விசையைத் தொட்டுத் தொட்டுக் கேட்பது.
இலைக்கடியில் அது அடித்துக்கொள்ளும்.
கிளையில் மாட்டிய இறக்கை அசையாது,
மோட்டார் விடாது,
நடுவில் பல் முறியும்.
தேடத் தேட
நானேதான் உடைத்துக்கொண்டிருந்தேன்.

கீழ்வரிசையில் கொழுந்து வெட்டிய ஆறு பேர்
என்ன என்றார்கள், சொன்னேன்.
ஆறு கத்தரியும் ஓய்ந்தபிறகுதான் தெரிந்தது
எவ்வளவு இரைச்சலில் தேடியிருக்கிறேன் என்று.

இப்ப தொடு, என்றாள் தவமணி.
தொட்டேன்.
பட். பட்பட்.
காட்டுக்கோழி, என்றது மஞ்சுக்குள் ஒரு குரல்.
கோழியில்ல, கோழின்னா கத்தும்.
இன்னொருதரம்.
இன்னொரு பல், என்று எனக்குள் எண்ணிக்கொண்டு
தொட்டேன்.

இடுப்புவரை செடிக்குள் போய்
இரண்டு இறக்கையையும் முதுகில் சேர்த்துப் பிடித்துத்
தூக்கி வந்தாள்.
கையேட்டில் படம் போட்டு விளக்கும் பிடி.
அவளுக்கு யாரும் விளக்கவில்லை.

மோந்து பார்த்தாள்.
மெசின் எண்ணெய், என்று முகம் சுளித்தாள்.
அப்புறம் இறக்கையை விட்டு
உடம்பை மட்டும் பிடித்துக்கொண்டு,
ஒருதரம் அடிச்சுக் காட்டேன்.

நாலு போயிருக்கும்.
ஐந்தாவது ஆடிக்கொண்டிருக்கும்.
வேண்டாம் என்றுதான் வாய் திறந்தேன்.
ஆறு பேரும் கிட்டே வந்துவிட்டார்கள்.

மெல்லத் தொட்டேன்.
அவள் தலைத்துண்டு படபடத்தது,
முகத்துக்கு முன்னால் மஞ்சு கொஞ்சம் விலகியது,
தவமணி கண்ணை மூடிக்கொண்டாள்.
கடக்.

போச்சா?
போச்சு. பல்தான்.

ராத்திரி, பேக்கரிக்காரரின் கீழ்வரிசை முடித்தபின்
ஈறு நிற அக்ரிலிக் ஒரு கரண்டி மிஞ்சியது.
வெள்ளைச் சக்கரத்தில் ஐந்து ரோஜாப் பற்கள்.
மூன்று நிமிடம் தாங்கும்.
மூன்று நிமிடத்தில்
மைதானத்தை நாலு சுற்று வரலாம்.